பொதுநிலமும் ஏழையின் பங்கும்
காடு, நீர்நிலைக் காப்பில் ஊர்ச்சமூகத்தின் இடத்தைக் குறித்த ஓர் இறையியல் நோக்கு

காடுகளையும் நீர்நிலைகளையும் காப்பது திருச்சபையின் பணிதானா என்னும் வினா இறையியல் மாணவரிடையே அடிக்கடி எழுகிறது. அது அரசின் வேலை, ஆயருக்கு அதில் என்ன என்பர் சிலர். வேறு சிலர் சுற்றுச்சூழல் ஞாயிறன்று ஆலய வளாகத்தில் ஒரு மரக்கன்றை நட்டு, ஜெபித்து, படம் எடுத்துக்கொண்டு, கடமை முடிந்தது என்று அமைதி கொள்வர். இவ்விரு சாராரும் கேளாமல் விடுகின்ற கேள்வி ஒன்று உண்டு. அந்தக் காட்டையும் அந்தக் குளத்தையும் நம்பி இன்று வயிறு வளர்ப்பவர் யார்? அவற்றைக் காக்கும்போது இழப்பவர் யார், பெறுபவர் யார்? இக்கேள்வியை முன்வைத்து, ஊரார் தாமே பொறுப்பேற்றுக் காடுகளையும் நீர்நிலைகளையும் காத்த சில முயற்சிகளை ஆராய்ந்து, அவை திருமறையின் ஒளியில் நமக்குக் கற்பிப்பது யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பொதுநிலம் எவருடைய செல்வம்?

நம் கிராமங்களில் பட்டா நிலம் ஒரு புறமிருக்க, மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி, கண்மாய், ஓடைக்கரை, தோப்பு, காட்டோரம் எனப் பொதுவில் கிடக்கும் நிலம் இன்னொரு புறம் உண்டு. வருவாய்த்துறைக் கணக்கில் இது வருமானம் தராத நிலம். ஆனால் நிலமற்ற கூலியாளின் வீட்டுக் கணக்கு வேறு. அவன் அடுப்பு எரிவது அங்கே பொறுக்கிய சுள்ளியால். அவன் ஆடு மேய்வது அங்கே. மழை பொய்த்த ஆண்டில் கீரையும் கிழங்கும் மீனும் கிடைப்பதும் அங்கேதான். பொருளியல் அறிஞர் என். எஸ். ஜோதா இந்தியாவின் வறண்ட பகுதிகளில் ஏழு மாநிலங்களைச் சேர்ந்த எண்பதுக்கு மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்து 1986-இல் வெளியிட்ட கட்டுரை இதனை எண்களால் காட்டிற்று. ஏழைக் குடும்பங்களின் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ 15 முதல் 23 விழுக்காடு வரை பொதுநிலத்திலிருந்து வந்தது. வசதி படைத்தோருக்கோ அது மிகச் சொற்பம். அதே கிராமங்களில் 1950-களின் தொடக்கத்திலிருந்து 1980-களின் தொடக்கத்திற்குள் பொதுநிலப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கு மேல் வரை குறைந்துபோயிருந்ததையும் அவர் கண்டார். ஏழையின் வருமானத்தில் ஒரு பகுதி எவரும் கொள்ளையென்று பெயரிடாத வழியில் பறிபோயிற்று.

இவ்விழப்பின் வேர் ஆழமானது. ஆங்கில ஆட்சி 1878-ஆம் ஆண்டு வனச் சட்டத்தாலும், சென்னை மாகாணத்தில் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பின்னர் 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தாலும் பரந்த காடுகளைக் காப்புக்காடுகளாக்கி அரசின் உடைமை என அறிவித்தது. இரயில்பாதைக்கும் கப்பலுக்கும் மரம் தேவைப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் விறகும் தேனும் எடுத்தவன் ஒரே நாளில் குற்றவாளி ஆனான். விடுதலைக்குப் பின்னும் அச்சட்டங்களின் போக்கு நெடுங்காலம் மாறவில்லை. காடு தன்னுடையதன்று என்று சொல்லப்பட்டவனுக்கு அதனைக் காக்கும் ஆர்வம் எங்ஙனம் இருக்கும்? காவலன் வராத நேரம் பார்த்து வெட்டுவதே அவனுக்கு எஞ்சிய வழியாயிற்று.

2. பொதுவுடைமை அழிவுக்கே இட்டுச் செல்லுமோ?

1968-இல் உயிரியலார் காரெட் ஹார்டின், பொதுவில் கிடக்கும் மேய்ச்சல்நிலம் அழிந்தே தீரும் என வாதிட்டார். ஒவ்வொருவனும் தன் ஆதாயம் கருதி மேலும் ஒரு மாட்டை ஓட்டிவருவான். இழப்போ அனைவர்க்கும் பங்காகும். ஆகவே தனியுடைமை அல்லது அரசின் கட்டுப்பாடு, இவ்விரண்டே வழி என்பது அவர் முடிவு. அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் இம்முடிவை மறுத்தார். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், ஜப்பானின் ஊர்க்காடுகள், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்கள் முதலியவற்றைப் பல நூற்றாண்டுகளாக மக்கள் தாமே காத்துவந்ததை 1990-இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஹார்டின் வருணித்தது பொதுநிலம் அன்று, கேட்பாரற்ற நிலம் என்பதே ஆஸ்ட்ரம் சொன்னதன் சாரம். எல்லையும் உறுப்பினரும் தெளிவாயிருக்க வேண்டும். எடுக்கும் அளவு இடத்தின் இயல்புக்குப் பொருந்த வேண்டும். விதியால் கட்டுண்டோர் விதி வகுப்பதில் பங்குபெற வேண்டும். காவல் செய்வோர் அவ்வூராருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். முதல் தவறுக்குச் சிறு தண்டனையும் தொடர் தவறுக்குப் பெருந்தண்டனையும் வேண்டும். வழக்குத் தீர்க்க அருகிலேயே ஓர் இடம் வேண்டும். அரசு இவ்வுரிமையை மதிக்க வேண்டும். இத்தகைய ஒழுங்கு உள்ள இடத்தில் பொதுநிலம் நிலைத்து நிற்கிறது.

3. அரபாரியின் சாலமரங்கள்

இதற்கு நம் நாட்டில் நல்ல சான்று மேற்கு வங்கத்தின் மேதினிபூர் மாவட்டத்து அரபாரி. அங்கே சாலமரக் காடு திரும்பத் திரும்ப வெட்டப்பட்டுப் புதராய்க் குன்றிக் கிடந்தது. 1970-களின் தொடக்கத்தில் அங்கு வன அலுவலராயிருந்த அஜித் குமார் பானர்ஜி, காவலர் தொகையைப் பெருக்குவதால் பயனில்லை என்று கண்டு, 1,272 எக்டேர் பரப்பை ஒட்டிய 11 ஊர்களின் 618 குடும்பங்களோடு பேசினார். நடவு வேலையில் கூலி, சுள்ளியும் புல்லும் எடுக்கும் வாய்ப்பு, மரம் முதிர்ந்து விற்கும்போது வருமானத்தில் 25 விழுக்காடு ஆகியவை அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டன. அவர்கள் வெட்டாமல் காக்க ஒப்பினர்.

சாலமரத்திற்கு ஓர் இயல்பு உண்டு. மேலே வெட்டினாலும் வேர் உயிரோடிருக்கும். தொல்லையின்றி விட்டால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும். ஆகவே பெரும்பொருட் செலவில் நடவு செய்யாமலே காடு எழுந்தது. இவ்வனுபவம் 1989-இல் மேற்கு வங்க அரசின் ஆணைக்கும், 1990-இல் நடுவண் அரசின் சுற்றறிக்கைக்கும் வழிகோலியது. அதற்கு முன்பே 1988-ஆம் ஆண்டுத் தேசிய வனக்கொள்கை, காட்டு வருமானத்தைவிடச் சூழல் நலத்திற்கும் காட்டை அண்டி வாழ்வோரின் தேவைக்கும் முதலிடம் தந்திருந்தது.

ஆயினும் சுற்றறிக்கையால் வந்தது சலுகையேயன்றி உரிமை அன்று. கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இக்குறையை நீக்க முற்பட்டது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். சமூகக் காட்டு வளத்தைக் காக்கவும் புதுப்பிக்கவும் நிருவகிக்கவும் கிராம சபைக்கு அது சட்டப்படியான உரிமை வழங்குகிறது. மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் கோண்டு மக்கள் வாழும் மேந்தா-லேகா 2009-இல் ஏறத்தாழ 1,800 எக்டேர் காட்டின்மீது இவ்வுரிமையைப் பெற்றது. 2011-இல் மூங்கிலைத் தானே விற்கும் அதிகாரமும் அவ்வூரின் கைக்கு வந்தது. காடு அழியவில்லை, கூலிக்கு மூங்கில் வெட்டிய கைகளே கணக்கு எழுதவும் விலை பேசவும் கற்றன.

4. பிச்சாவரத்தின் வாய்க்கால்கள்

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இடங்களுக்கு நடுவே ஏறத்தாழ 1,100 எக்டேரில் பரந்துள்ளது பிச்சாவரம் அலையாத்திக் காடு. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் அங்கே வளர்கின்றன. அவற்றின் உதிர்ந்த இலை மட்கி நீருக்கு உணவாகிறது. வேர்ப்பின்னலுள் இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வளர்ந்து பின் கடலுக்குச் செல்கின்றன. காடு குன்றினால் வலையும் வெறுமையாகும்.

அக்காடு நடுப்பகுதிகளில் மொட்டையாகியிருந்தது. ஆடுமாடு மேய்த்தவரும் விறகு பொறுக்கியவருமே காரணம் எனப் பழி கூறப்பட்டது. சென்னையில் 1988-இல் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடு இணைந்து செய்த ஆய்வு வேறு காரணத்தைக் காட்டிற்று. ஆங்கிலேயர் காலந்தொட்டு நெடுநாள் அக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றாக வெட்டும் முறை வழக்கில் இருந்தது. மரம் இழந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து, அமிழ்ந்து, தட்டுப்போல் பள்ளமாயிற்று. ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி ஆவியாக, மண்ணில் உப்பு மிகுந்தது. எந்த விதையும் அங்கே முளைக்கவில்லை. குற்றம் ஏழையின் ஆட்டில் இல்லை. அரசு வகுத்த வெட்டுமுறையிலேயே இருந்தது.

நோயின் காரணம் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. மீன்முள்ளின் வடிவில் ஒரு பெருவாய்க்காலும் இரு மருங்கிலும் கிளைவாய்க்கால்களும் வெட்டி இயற்கை ஓடையோடு இணைத்தனர். ஓதநீர் வந்து போகத் தொடங்கியது, உப்பு குறைந்தது, வாய்க்கால் ஓரங்களில் நட்ட வெண்கண்டல் தழைத்தது. 1990-களில் இப்பணி ஊர்க்குழுக்களை அமைத்து அவற்றின் மூலமாகவே நடந்தது. அக்காட்டோரத்து இருளர் மக்களையும் இங்கே நினைக்க வேண்டும். படகும் வலையும் இல்லாமல், இடுப்பளவு நீரில் அமர்ந்து கைகளால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய ஓலைக்கூடையில் இட்டு வாழ்ந்தவர் அவர். பழங்குடிச் சான்றும் மனையும் பெறுவதே அவர்க்குப் பெரும் போராட்டமாயிருந்தது. காட்டை மீட்பதும் அவர்க்குச் சான்று வாங்கித் தருவதும் ஒரே பணியின் இரு கூறுகள் என்று அங்கே உழைத்தோர் கண்டுகொண்டனர்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, கடலூர் மாவட்டத்தில் மரக்கூட்டங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன என 2005-இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. கடலிலிருந்து தொலைவும் தரையின் உயரமும் கூடக் காரணம் எனப் பின்னர்ச் சிலர் திருத்தினர். அத்திருத்தத்தை ஏற்றாலும், மீனும் இறாலும் காட்டோடு திரும்பின என்பது அம்மக்கள் அன்றாடம் கண்ட உண்மை. 2022-இல் பிச்சாவரம் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது.

அதே ஆண்டில் அப்பட்டியலில் சேர்ந்த வேடந்தாங்கலிலோ காப்பு மிகப் பழையது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை ஊரார் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடாமல் தடுக்கும் உரிமையை 1798-இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார் என்பர். அங்கே அறமும் ஆதாயமும் ஒருங்கே நின்றன.

5. ஊர் என்னும் சொல்லில் யார் யார் அடங்குவர்?

இங்கே நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். பழைய ஊர்ச்சமூகத்தைப் போற்றிப் பேசுவது எளிது. உத்தரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன; குடிமராமத்து நம் ஏரிகளைக் காத்தது; இவை உண்மை. ஆனால் மண் சுமந்தவர் யார், நீர் முதலிற் பாய்ந்தது யாருடைய வயலுக்கு? மடை திறந்து நீர் பகிர்ந்த நீர்க்கட்டிகள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர்; அவர்க்குக் கிடைத்தது களத்தில் அளந்த கூலியே. வாரியத்தில் அமரும் தகுதிக்கு நிலவுடைமையும் வேதக் கல்வியும் கேட்கப்பட்டன. டேவிட் மாஸ் தமிழகக் கண்மாய்களைப் பற்றி எழுதி 2003-இல் வெளியிட்ட ஆய்வு, நீர்ப்பங்கீடு எவ்வாறு சாதி அதிகாரத்தின் அடையாளமாயிருந்தது என்பதை விரிவாகக் காட்டுகிறது.

நேபாளத்திலும் இதே பாடம் உண்டு. 1957-இல் அரசுடைமையான காடுகளை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ப் பயனாளர் குழுக்களின் பொறுப்பில் விட வழிசெய்தது. இன்று அத்தகைய குழுக்கள் 22,000-க்கு மேல் உள்ளன. மலைச்சரிவுகள் மீண்டும் பசுமையாயின. எனினும் தொடக்க ஆண்டுகளில் காட்டைப் பூட்டியபோது, தோட்டத்தில் மரம் வைத்திருந்தவன் பொறுத்துக்கொண்டான். சுள்ளி விற்றுப் பிழைத்தவளும் கரி சுட்டுக் கொல்லுலை நடத்தியவனும் பட்டினி கிடந்தனர். குழுவில் உயர்சாதியினரே அமர்ந்தனர். இதனைக் கண்டபின்பே வருமானத்தில் ஒரு பங்கை மிக வறியோருக்கென ஒதுக்கும் விதி வந்தது. குசராத்திலும் நேபாளத்திலும் பீனா அகர்வால் செய்து 2010-இல் நூலாக்கிய ஆய்வு, செயற்குழுவில் பெண்கள் மிகுந்திருந்த இடங்களில் காடு மேலாகத் தழைத்ததைக் காட்டுகிறது. காட்டுக்குள் நாள்தோறும் நடப்பவளே அதன் நிலையை நன்கு அறிவாள்.

இதனை நூல்களில் படிக்குமுன் நானே பிழைசெய்து கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வறண்ட சேகரத்தில் ஊழியம் செய்தபோது, வாலிபர் சங்கத்தாரோடு சேர்ந்து ஊர்ப் புறம்போக்கில் வேம்பும் புங்கும் நட்டு முள்வேலி இட்டேன். ஊர்ப் பெரியவர்கள் பாராட்டினர். சில வாரங்கள் கழித்துச் சபையைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் ஆராதனை முடிந்தபின் வந்து, “மரம் வளந்தா நெழல் வரும், ஐயா. அதுவரைக்கும் என் ஆடு எங்க மேயும்?” என்று கேட்டார். அவர் தம் நான்கு ஆடுகளையும் அதற்குள் விற்றிருந்தார். பெரியவர்களைக் கேட்ட நான் அவரைக் கேட்கவில்லை. வேலியின் ஒரு பாதியைப் பிரித்து, முறைவைத்து மேய்க்கும் ஏற்பாட்டைப் பின்னர்ச் செய்தோம். விற்ற ஆடு திரும்பவில்லை.

6. திருமறையின் சாட்சி

1967-இல் வரலாற்றாசிரியர் லின் வைட், இயற்கையின் அழிவுக்குக் கிறிஸ்தவப் போதனையே வேர் எனக் குற்றம் சாட்டியபின், ஆதியாகமம் 1:28-ஐ எங்ஙனம் விளக்குவது என்பதிலேயே நம் இறையியலார் பெரிதும் ஈடுபட்டனர். ஆதி. 2:15 அதற்குத் துணையாக நிற்கிறது. அங்கே மனிதனுக்குக் குறிக்கப்பட்ட இரு வேலைகளைச் சுட்டும் எபிரெயச் சொற்களான ஆபாத், ஷாமார் என்பவற்றுள் முன்னது பணிவிடையையும் பின்னது காவலையும் குறிக்கும். இவ்விரு சொற்களும் எண்ணாகமத்தில் லேவியரின் திருப்பணிக்கும் ஆளப்படுகின்றன (எண். 3:7-8). ஆகவே மண்ணைப் பேணுதல் வழிபாட்டோடு ஒட்டிய ஊழியம்.

ஆயினும் நியாயப்பிரமாணம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஏழாம் ஆண்டில் நிலத்தை ஓய விடுமாறு கட்டளையிடும் யாத். 23:10-11, அவ்வாண்டின் விளைச்சலை முதலில் மக்களுள் எளியவருக்கும் அடுத்துக் காட்டு விலங்குகளுக்கும் உரியதாக்குகிறது. நிலத்தின் ஓய்வு, ஏழையின் உணவு, விலங்கின் உணவு ஆகிய மூன்றும் ஒரே கட்டளையில் அடங்குகின்றன. நாம் பிரித்துவிட்ட சூழல் நலத்தையும் வறுமை ஒழிப்பையும் மோசேயின் சட்டம் பிரிக்கவில்லை. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடும் விதியும் (லேவி. 19:9-10) இத்தகையதே. அந்த ஓரம் உடையவன் இடும் பிச்சை அன்று. ஏழைக்கும் அந்நியனுக்கும் கடவுள் ஒதுக்கிய பங்கு. நம் புறம்போக்கை இக்கண்ணால் பார்த்தால் வயலோடு வயல் சேர்ப்போர்மீது ஏசாயா கூறும் ஐயோ (ஏசா. 5:8) நமக்கும் கேட்கும்.

நீர்நிலையைக் குறித்து எசேக்கியேல் 47-ஆம் அதிகாரம் தனிக் கவனத்திற்குரியது. ஆலயத்திலிருந்து புறப்படும் ஆறு சவக்கடலை அடைந்து அதன் நீரை நலமாக்குகிறது. என்கேதி தொடங்கி எனெக்லாயிம் வரை மீனவர் வலை விரிக்கின்றனர். சதுப்பும் சேறும் மட்டும் மாறாமல் உப்புக்கென விடப்படுகின்றன (47:11). சாபம் எனச் சிலர் இதனை விளக்குவர். உப்பு அன்றாட உணவுக்கும், இதே நூலின்படி (43:24) பலிக்கும் வேண்டப்பட்டது. ஆகவே சதுப்பைச் சதுப்பாகவே விட்டதும் மீட்பின் பகுதி என்று கொள்வதே பொருத்தம். எல்லா ஈரநிலத்தையும் மேடாக்கி மனையாக்கும் நம் காலத்திற்கு இது ஒரு கண்டனம். இக்காட்சியைப் பிச்சாவரத்தோடு வரிக்குவரி ஒப்பிடுதல் தகாது. ஆனால் அடுத்து வரும் பகுதியைப் பிரசங்கிகள் பெரும்பாலும் வாசிப்பதில்லை. நீர் நலமானவுடன் நிலம் பங்கிடப்படுகிறது. அப்பங்கீட்டில் நடுவே தங்கி வாழும் அந்நியருக்கும் இஸ்ரவேலருக்கு ஒப்பான பங்கு உண்டு (47:22-23). நீரை மீட்டு அந்நியனைப் புறத்தே நிறுத்துவது எசேக்கியேல் கண்ட மீட்பு ஆகாது.

7. ஆயரும் சபையும் செய்யத்தக்கவை

முதலாவது, நடுவதற்கு முன் கேட்க வேண்டும். சேகரத்துக்குச் செல்லும் இளம் ஆயர் தம் முதல் ஆண்டில் ஊரின் பொதுநிலத்தை விறகு எடுக்கும் பெண்களோடும் ஆடு மேய்க்கும் சிறுவரோடும் நடந்து காண்பாராக. எம்மாதத்தில் எது கிடைக்கிறது, எதனைப் பூட்டினால் யார் பசித்திருப்பர் என்பது அப்போது விளங்கும்.

இரண்டாவது, சபை தன் சொந்த நிலத்தை நோக்க வேண்டும். மிஷனெரிகள் காலத்திலிருந்து நம் கையில் வளாகங்களும் தோப்புகளும் குளங்களும் உள்ளன. அவற்றில் ஓரத்தை ஏழைக்கு விட்டிருக்கிறோமா, அல்லது எல்லை வரை மதில் எழுப்பிக் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோமா? இதற்கு விடை சொல்லாமல் பிறருடைய நிலத்தைப் பற்றிப் பிரசங்கிக்க நமக்கு வாயில்லை.

மூன்றாவது, உரிமைக்குத் துணை நிற்க வேண்டும். வன உரிமைச் சட்டத்தின்படி, பழங்குடியினர் அல்லாத காடுவாழ் மக்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். மூத்தோரின் எழுத்து வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படுகிறது. மலையோரச் சபைகளின் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளும் இதற்குத் துணையாகலாம். அலமாரியில் கறையான் அரிக்கும் அவ்வேடுகளைப் பாதுகாப்பதும் ஆயரின் நீதிப்பணியே.

நான்காவது, ஊர்க்குழு அமையும்போது அதில் நிலமற்றவரும் பெண்களும் பெயரளவில் அன்றிப் பேசும் உரிமையோடு அமர்கின்றனரா எனக் காண வேண்டும். நம் சேகரக் குழுக்களில் அவர்களுக்கு அவ்வுரிமை இல்லையேல், ஊரில் அதனைக் கேட்க நமக்குத் துணிவு வராது.

காடும் நீர்நிலையும் கர்த்தருடையவை என நாம் அறிக்கையிடுகிறோம். அவ்வறிக்கை உண்மையானால் அவற்றில் அவர் யாருக்குப் பங்கு ஒதுக்கினார் என்பதையும் அறிக்கையிட வேண்டும். அடுத்த முறை மரக்கன்றோடு நாம் மந்தைவெளிக்குச் செல்லும்போது, ஆட்டுடன் நிற்கும் அச்சகோதரியை முதலில் நடுவர் இடத்தில் அமர்த்தி, பின் குழி தோண்டுவோமாக.